தலையெழுத்தை எழுதியவர் யார்?

நாத்திகன் ஒருவன் கால் இடறி 'ஐயோ கடவுளே' என்று கூவிவிட்டால் எமது ஆத்திக நண்பர்களுக்குப் பிறக்கும் ஆனந்தம் சொல்லுந்தரமன்று. அவன் கற்ற பகுத்தறிவு நூல்கள் அனைத்தும் அக்கணமே தோற்றுவிட்டன என்றும், உள்ளத்தின் அடியில் உறங்கிக் கிடந்த பக்தி வலி வந்ததும் விழித்துக்கொண்டது என்றும் அவர்கள் தீர்ப்பு வழங்கிவிடுகின்றனர். இத்தீர்ப்பைக் கேட்டு நாணித் தலைகுனியும் முற்போக்காளரும் உளர். இவர்கள் மறுநாளே தமது பேச்சிலிருந்து மதவாடை வீசும் சொற்களையெல்லாம் களைந்தெறியப் புறப்படுகின்றனர். 'ஐயோ பாவம்' என்று சொல்ல வாயெடுத்துப் பாதியில் நிறுத்துகின்றனர். புண்ணியம், சாபம், சனியன், நரகம் ஆகிய சொற்களின் மீது தடையுத்தரவு பிறப்பிக்கின்றனர்.

இவ்விரு சாராரும் பகைவர் போலத் தோன்றினும் இவர்களது மொழிக்கொள்கை ஒன்றே. சொல்லினுள்ளே நம்பிக்கை குடியிருக்கிறது, சொல்லை உச்சரித்தவனை அது பற்றிக்கொள்ளும் என்பதே அக்கொள்கை. மந்திரவாதியும் இதனையே கூறுகிறான். மொழியை மக்களின் கூட்டுழைப்பால் விளைந்த கருவியெனக் காணும் எவருக்கும் இக்கொள்கை ஏற்புடையதாகாது. மதச் சொற்களை மதமற்ற வாழ்விலே கையாளும் உரிமை நம்பிக்கையற்றவர்களுக்கு முழுமையாக உண்டு என்பது எமது நிலை. ஆயின், அச்சொற்களிற் சிலவற்றிலே மெய்யான ஆபத்து ஒன்றும் உண்டு. ஆத்திக நண்பர்கள் கைகொட்டிச் சிரிக்கும் இடத்தில் அது இல்லை. சொற்றூய்மையாளர் வலைவீசித் தேடும் இடத்திலும் இல்லை. அது எங்கே இருக்கிறது என்பதே எமது கேள்வி.

முதலில் உடைமை வழக்கைத் தீர்த்துக்கொள்வோம். மதத்தின் சொற்கள் என்று இன்று உரிமை கொண்டாடப்படுபவை மதத்துக்கு எங்கிருந்து கிடைத்தன? கோயில் என்பது கோவின் இல். அதாவது அரசனின் வீடு. ஆண்டவன் என்பவன் ஆட்சி செய்தவன். இறை என்னும் சொல் அரசனையும் குறித்தது, அரசன் குடிகளிடம் அறவிட்ட வரியையும் குறித்தது. வரி நீக்கப்பட்ட நிலத்தைச் சோழர் காலத்துக் கல்வெட்டுக்கள் இறையிலி என்கின்றன. திருக்குறளின் 39ஆம் அதிகாரமாகிய இறைமாட்சி கடவுளின் பெருமையைப் பேசவில்லை. அரசனின் சிறப்பையே பேசுகிறது. அரண்மனையின் சொற்களும் வரிக்கணக்கின் சொற்களும் பின்னர் தெய்வத்துக்குச் சூட்டப்பட்டன. அவ்வாறு சூட்டியவர்கள் எந்த அரசனிடமும் அநுமதி கேட்டதாக நாம் அறியோம். அரசனிடமிருந்து ஆலயத்துக்குச் சென்ற சொல், ஆலயத்திலிருந்து சந்தைக்கும் பாடசாலைக்கும் வந்து சேர்ந்தால் மாத்திரம் அதனைக் களவு என்பது எந்த நியாயம்?

பாடசாலையை எடுத்துக்கொள்வோம். பள்ளி என்னும் சொல் சமண, பௌத்தத் துறவிகளின் உறைவிடத்தைக் குறித்தது. இன்று எமது பிள்ளைகள் எண்ணும் எழுத்தும் கற்கும் இடத்துக்கு அதுவே பெயர். இஸ்லாமிய மக்களின் தொழுகையிடமும் பள்ளிவாசல் என்றே வழங்குகிறது. ஒரு சொல் மூன்று சமயங்களின் வாசலையும், எச்சமயமும் சாராத வகுப்பறையின் வாசலையும் திறந்துவிட்டிருக்கிறது. பல்கலைக்கழகத்தில் எமது மாணவர்கள் கலைப்பீடத்திலும் விஞ்ஞான பீடத்திலும் பயில்கின்றனர். பீடம் தெய்வத்தை ஏற்றிவைக்கும் இடம். அப்பீடங்களுக்குத் தலைவரான பீடாதிபதியின் பட்டத்தைக் கேட்கையில் மடாதிபதியின் நினைவு வரவேண்டும், எவருக்கும் வருவதில்லை. தபாற் கந்தோரிலும் வங்கியிலும் நாம் வரிசையில் நிற்பது கருமபீடத்தின் முன்னால். அரசகரும மொழி என்ற தொடரை எமது நாட்டில் அறியாதார் இலர். 1956ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டத்துக்குப் பின் அது எத்தனை கண்ணீரோடு உச்சரிக்கப்பட்டது என்பதையும் அறியாதார் இலர். அத்தொடரிலே மறுபிறப்பின் கணக்குப் புத்தகத்தைக் கண்டவர் எவரேனும் உண்டா? கருமம் அங்கே வெறும் அலுவல்.

முற்போக்காளரின் சொந்த அகராதியும் இவ்வாறே அமைந்திருக்கிறது. நமஸ்காரத்தைக் கைவிட்டு வணக்கத்தை ஏற்றோரிற் பலர் அதனைப் பகுத்தறிவின் வெற்றியாகவே கருதினர். வணக்கமோ வழிபாட்டின் மறுபெயர். கூட்டத்துக்கு நாற்காலி சுமப்பவர் தொண்டர்; பெரியபுராணத்தின் மற்றைய பெயர் திருத்தொண்டர் புராணம். எமக்கு மிகவும் அருமையான தோழர் என்னும் சொல்லையே பாருங்கள். சைவ உலகில் சுந்தரமூர்த்தி நாயனாருக்குரிய பட்டம் தம்பிரான் தோழர். சிவனுக்குத் தோழராய் இருந்த சொல்லே தொழிற்சங்க மேடையிலும் தோழமை பூண்டது. கடவுள் மறுப்பிலே தமிழகத்தில் எவருக்கும் இளைக்காத பெரியார், ஈ. வெ. ராமசாமி என்ற பெயரோடுதான் வாழ்ந்து 1973இல் மறைந்தார். அப்பெயரிலே இராமனும் இருந்தான், சாமியும் இருந்தான். அவை அவரது பிரசாரத்தை ஒரு நாளும் தடுக்கவில்லை.

இனி, உலகின் முதற் சோஷலிஸ அரசின் அநுபவத்தைப் பார்ப்போம். ருஷ்ய மொழியில் நன்றி கூறும் சொல் ஸ்பசீபா. கடவுள் காப்பாராக என்னும் வாழ்த்திலிருந்து பிறந்த சொல் அது. போல்ஷெவிக்குகள் அதனைச் சொல்லியே ஒருவருக்கொருவர் நன்றி பாராட்டினர். ஞாயிற்றுக்கிழமைக்கு அம்மொழியில் வழங்கும் பெயர் இயேசுவின் உயிர்த்தெழுதலைக் குறிக்கும் சொல்லே. 1929இல் சோவியத் அரசு பொது ஞாயிறு விடுமுறையை ஒழித்து ஐந்து நாள் வாரத்தை அறிமுகஞ் செய்தது. 1931இல் அதனை ஆறு நாள் வாரமாக்கியது. 1940இல் ஏழு நாள் வாரத்துக்கே திரும்பியது. வாரத்தின் அமைப்பையே மாற்றத் துணிந்த அரசு, 1991இல் அது கலையும் வரை, உயிர்த்தெழுந்த நாளின் பெயரிலேயே ஓய்வெடுத்தது. அதனால் அந்நாட்டுத் தொழிலாளி ஒருவரும் தேவாலயத்துக்குத் திரும்பிவிடவில்லை.

மக்கள் தமது வாயினாலேயே மதச் சொற்களை மாற்றியமைத்த விந்தைக்கு எமது நாட்டிலே அழகான சான்று உண்டு. துன்புறும் ஒருவரைக் கண்டால் தமிழர் 'ஐயோ பாவம்' என்கின்றனர்; சிங்களவர் 'அனே பவ்' என்கின்றனர். இரண்டும் ஒரே வடமொழிச் சொல்லின் பிள்ளைகள். சமய நூல்களின்படி பாவம் என்பது குற்றம். இப்பிறப்பில் ஒருவன் துன்புறுகிறான் எனின் முற்பிறப்பிலே அவன் பாவஞ் செய்தவன் என்பது அந்நூல்களின் தருக்கம். ஆகவே அச்சொல் துன்புறுவோன் மீது சுமத்தப்பட்ட குற்றப்பத்திரிகை. ஆனால் வயலிலும் தெருவிலும் வாழ்ந்த மக்கள் அக்குற்றப்பத்திரிகையைக் கிழித்தெறிந்து இரக்கத்தை மாத்திரம் எடுத்துக்கொண்டனர். இன்று 'பாவம்' என்று சொல்லும் எந்தத் தாயும் எதிரே நிற்பவரைப் பாவி என்று கருதுவதில்லை. சைவரும் பௌத்தரும் கிறிஸ்தவரும் முஸ்லிம்களும் வாழும் இத்தீவில், பண்டிதர் எவரும் கூடித் தீர்மானிக்காமலே, இரு மொழி மக்களும் ஒரு கடுஞ்சொல்லை அன்புச் சொல்லாக்கினர். இச்சொல்லைத் துறந்துவிடுமாறு நாத்திகனிடம் கேட்பது, மக்கள் வென்ற கோட்டையை எதிரியிடம் திருப்பிக் கொடுக்குமாறு கேட்பதாகும்.

பக்தர்களும் இவ்விடயத்தில் பின்நிற்கவில்லை. நீண்டு அலுப்பூட்டும் பேச்சைப் புராணம் பாடுதல் என்றவரும், மேலதிகாரியின் வசையை அர்ச்சனை என்றவரும், முழுகிப்போன பணத்தை அரோகரா என்றவரும் திருநீறு தரித்த அடியார்களே. பள்ளிவாசலுக்குச் செல்பவரும் விகாரைக்குச் செல்பவரும் 'இச்சிலுவையை நானே சுமக்கிறேன்' என்று சலித்துக்கொள்ளக் கேட்கிறோம். தமது கேலிக்கும் சலிப்புக்கும் புனிதச் சொற்களைத் தாராளமாக எடுத்துக்கொண்டவர்கள், நாத்திகனின் 'கடவுளே'யை மாத்திரம் ஒப்புதல் வாக்குமூலமாகப் பதிவு செய்வது வேடிக்கையாகும்.

இன்னுமொரு நியாயத்தையும் இங்கே கூறியாக வேண்டும். யாழ்ப்பாணத்திலே பனை ஏறிச் சீவிய தொழிலாளிக்கும், தோட்டம் கொத்திய கூலியாளுக்கும், துணி வெளுத்தவருக்கும் பெருங்கோயில்களின் கதவுகள் பல தலைமுறைகளாக அடைக்கப்பட்டிருந்தன. சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் 1957இல் நிறைவேறிய பின்னரும் 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் அம்மக்கள் போராட வேண்டியிருந்தது. கோயிலின் கதவை அடைத்தவர்களால் கோயிலின் சொற்களை அடைத்துவைக்க முடியவில்லை. 'முருகா' என்ற விளியும் 'அம்மாளே' என்ற ஓலமும் உள்ளே விடப்படாதவர்களின் வாயிலும் வாழ்ந்தன. அவர்களது வியர்வையிலும் அச்சத்திலும் நகைச்சுவையிலும் தோய்ந்தே அவை தமிழாயின. 1960களின் தொடக்கத்தில் பண்டிதர் சிலர் இம்மக்களின் பேச்சை இழிசனர் வழக்கு என்று பழித்தபோது முற்போக்கு எழுத்தாளர் அதனை இலக்கியமாக்கிக் காட்டினர். இன்று சொற்றூய்மையின் பெயரால் அதே பேச்சுக்கு மற்றொரு திசையிலிருந்து கத்தரிக்கோல் எடுப்போர், தாம் எவருடைய வேலையைச் செய்கின்றனர் என்பதை எண்ணிப் பார்ப்பாராக.

அவ்வாறாயின் எல்லாச் சொற்களும் எல்லா இடத்திலும் குற்றமற்றவையா? இல்லை. இங்கேதான் ஆரம்பத்தில் நாம் குறிப்பிட்ட ஆபத்து வருகிறது.

விதி என்னும் சொல்லை நோக்குவோம். விஞ்ஞான ஆசிரியர் கரும்பலகையில் நியூற்றனின் இயக்க விதிகளை எழுதுகிறார். அங்கே விதி என்பது காரணத்துக்கும் காரியத்துக்கும் உள்ள தொடர்பு, அறியக்கூடியது, அளக்கக்கூடியது. அதே மாணவன் வீடு திரும்பியதும், தந்தை வேலையிழந்தது விதி என்று கேட்கிறான். இங்கே அது காரணத்தைத் தேடாதே என்னும் கட்டளை. எழுத்து ஒன்று, ஒலி ஒன்று. வேலை மாத்திரம் நேர்மாறு. சொல்லின் குலங்கோத்திரத்தை விசாரிப்பது வீண் என்பதற்கும், அது செய்யும் வேலையை விசாரிப்பதே முறை என்பதற்கும் இதனிலும் சிறந்த உதாரணம் வேண்டுவதில்லை.

மலையகத் தோட்டத் தொழிலாளரின் வாழ்வைப் பேசும்போதெல்லாம் 'அவர்களது தலையெழுத்து அப்படி' என்று பெருமூச்சு விடுவோர் பலர். இவர்களுட் பெரும்பாலானோர் பிரமன் ஒருவன் இருந்து மண்டையோட்டில் எழுதுகிறான் என்று நம்புபவர்கள் அல்லர். நம்பாமலே சொல்கின்றனர். ஆயினும் அந்தத் தலையெழுத்துக்கு ஆசிரியர் உண்டு, திகதி உண்டு, இலக்கமும் உண்டு. அதன் பெயர் 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம். இந்திய வம்சாவளித் தொழிலாளரிற் பெரும்பான்மையோரை அது நாடற்றவராக்கியது. மறுவருடம் தேர்தற் சட்டத்துக்குச் செய்யப்பட்ட திருத்தம் அவர்களது வாக்குரிமையைப் பறித்தது. 1964இல் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேரின் கதி பிற்பாடு தீர்மானிக்கப்படும் என்று ஒத்திவைத்தது. பங்கிடப்பட்டோரிடம் எவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இது தலையெழுத்தாயின் எழுதிய கரங்கள் கொழும்பிலும் புதுடில்லியிலும் இருந்தன. நாடற்றோராய் எஞ்சியிருந்தவர்களுக்கு 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் பிரசாவுரிமை வழங்கியது. பாராளுமன்றம் எழுதியதைப் பாராளுமன்றமே அழித்து எழுதிற்று. பிரமனின் எழுத்தாயின் அது எங்ஙனம் இயன்றிருக்கும்?

2014 ஒக்டோபர் 29ஆந் திகதி கொஸ்லாந்தையை அடுத்த மீரியபெத்தையில் மலை சரிந்து தோட்டத் தொழிலாளரின் லயங்களை மண்ணுள் புதைத்தது. அவ்விடம் மண்சரிவு அபாயம் உள்ள இடம் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தமை பகிரங்கமான செய்தி. முதல் எச்சரிக்கைக்கும் சரிவுக்கும் இடையே ஒன்பது ஆண்டுகள் கழிந்தன. மழையை எவரும் தடுத்திருக்க முடியாது; குடியிருப்பை மாற்றியிருக்க முடியும். இத்தகைய மரணங்களின் பின் இரங்கற் கூட்டங்களில் விதி, காலன், இறைவன் அழைத்துக்கொண்டான் என்னும் சொற்கள் ஒலிக்கின்றன. பிள்ளையை இழந்த தாய் அவ்வாறு புலம்பினால் அவளது வாய்ச்சொல்லைத் திருத்தப் புகுபவன் மனிதனல்லன். அவளுக்கு அது ஒரு கைத்தாங்கல். அதே சொல்லைப் பொறுப்பிலிருந்தவர் உச்சரிக்கும்போது அது தப்பியோடும் வழியாகிறது. இறைவன் அழைத்துக்கொண்டான் என்றால் விசாரணைக்கு அழைக்கப்பட வேண்டியவர் எவரும் இல்லை என்றாகிறதன்றோ?

மதச் சொல்லை மதமின்றிக் கையாளும் கலையிலே எம்மையெல்லாம் விஞ்சிய நாத்திகன் ஒருவன் உண்டு. மூலதனமே அவன். ஆங்கிலச் சட்டத்திலே தெய்வச் செயல் என்றொரு தொடர் இருக்கிறது. பெருமழை, வெள்ளம், புயல் முதலியவற்றால் நேரும் இழப்புக்குத் தெய்வத்தையே பொறுப்பாக்கி மனிதரை விடுவிப்பதற்கு அது பயன்படுகிறது. ஒப்பந்தப் பத்திரங்களில் இன்றும் இடம்பெறும் அத்தொடரை எழுதும் சட்டத்தரணிக்கும், எழுதுவிக்கும் கம்பனிக்கும் தெய்வ நம்பிக்கை வேண்டியதில்லை. 1876இல் இங்கிலாந்தின் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்த வழக்கொன்றில், நீரோடையை மறித்து அலங்காரக் குளங்கள் அமைத்திருந்த நிலவுடைமையாளர் பொறுப்பிலிருந்து விடுபட்டார். அக்குளங்கள் பெருமழையில் உடைத்துப் பாய்ந்து நான்கு பொதுப் பாலங்களை அடித்துச் சென்றிருந்தன. அது தெய்வச் செயல் என்றாயிற்று. 1917இல் ஸ்கொத்லாந்திலிருந்து பிரபுக்கள் சபைக்குச் சென்ற மற்றொரு வழக்கில், நகரசபையொன்று ஓடையின் போக்கை மாற்றிச் சிறுவர் விளையாடும் குளம் அமைத்திருந்தது. பெருமழையில் வெள்ளம் புகையிரதப் பாதையிற் பாய்ந்தது. இம்முறை தெய்வம் பொறுப்பேற்க மறுத்துவிட்டது. நகரசபையே பொறுப்பாளியெனத் தீர்ப்பாயிற்று. இரு வழக்குகளிலும் மழை மழையே. எதனை மனிதன் முன்கூட்டி அறிந்து தடுத்திருக்க வேண்டும் என்பதைப் பற்றிய கருத்தே மாறியது. தெய்வச் செயலின் எல்லை மனிதப் பொறுப்பின் எல்லையோடு சேர்ந்து நகர்கிறது. அவ்வெல்லையை நகர்த்துவதே போராட்டம்.

சொற்றூய்மையாளரின் கண்ணுக்குப் படாத ஆபத்துக்கள் இன்னும் இரண்டு உண்டு. துடக்கு, தீட்டு போன்ற சொற்களைச் சில நாத்திகர் நகைச்சுவையாகக் கையாள்கின்றனர். மேற்கூறிய பாவத்தோடு இவற்றை ஒப்பிடலாகாது. பாவத்தின் நச்சுப் பல்லை மக்கள் பிடுங்கிவிட்டனர். துடக்கின் நச்சுப் பல் பெண்ணின் மீதும் தாழ்த்தப்பட்டவர் மீதும் இன்றும் பதிகிறது. கடிபடுபவர் சிரிக்கும் நாள் வரும்வரை அச்சொல் நகைச்சுவைக்கு உரியதன்று.

மற்றைய ஆபத்து இடதுசாரி முகாமுக்கே உரியது. தலைவரின் கூற்றை வேதவாக்கென்றும், அவரைக் காண்பதைத் தரிசனமென்றும், மாறுபடுபவரைத் துரோகியென்றும் சொல்லும்போது, சொல்லோடு அதன் பழைய பொருளும் திரும்பிவிடுகிறது. 1908இல் லூனச்சார்ஸ்கி மதமும் சோஷலிசமும் என்ற நூலின் முதற் பாகத்தை வெளியிட்டு, சோஷலிசத்தைப் புதிய மதமாக வளர்க்க முனைந்தார். கார்க்கியும் அக்கருத்தின்பாற் சாய்ந்தார். 1913இல் கார்க்கிக்கு எழுதிய கடிதங்களில் லெனின் இப்போக்கைக் கடுமையாகத் தாக்கினார். ஸ்பசீபா என்று நன்றி கூறுவதைக் குற்றமாகக் காணாத இயக்கம், கடவுளைப் புதிதாகக் கட்டியெழுப்புவதைக் குற்றமாகக் கண்டது. முன்னையதில் சொல் மாத்திரம் இருந்தது. பின்னையதில் மண்டியிடுதல் இருந்தது. அந்த எச்சரிக்கை மறக்கப்பட்டதன் விலையை 1956இல் சோவியத் கம்யூனிஸ்ட் கட்சியின் 20ஆவது காங்கிரசில் குருஷேவ் தனிநபர் வழிபாடு என்ற பெயரிட்டுப் பேச நேர்ந்தது.

மதச் சொல்லை எவ்வாறு கையாளவேண்டும் என்பதற்கு மார்க்ஸ் வழிகாட்டியிருக்கிறார். 1867இல் வெளிவந்த மூலதனம் முதற் பாகத்திலே, சரக்கின் இயல்பை விளக்க வந்த அவர், மனிதர் தம் கையாற் செய்த பொருளையே தெய்வமென வணங்கும் வழக்கத்தின் பெயரைச் சந்தைக்குக் கொணர்ந்தார். மனிதர்க்கிடையேயுள்ள உறவு, பொருள்களுக்கிடையேயுள்ள உறவாக வேடம் பூண்டிருப்பதை அச்சொல்லாலேயே அம்பலப்படுத்தினார். மதத்தின் சொல் அங்கே மறைப்பதற்குப் பதிலாகத் திரையை விலக்கியது.

ஆகவே ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் நாம் முன்வைக்கும் உரைகல் எளியது. ஒரு சொல் கோயிலிற் பிறந்ததா என்று கேளாதீர்கள். அது காரணத்தைக் காட்டுகிறதா, மறைக்கிறதா என்று கேளுங்கள். எவருக்கு இரங்குகிறது, எவரை விடுதலை செய்கிறது என்று கேளுங்கள். வலியால் 'கடவுளே' என்பவனை அவன் போக்கில் விடுங்கள். 'பாவம்' என்று இரங்குபவளோடு சேர்ந்து இரங்குங்கள். வகுப்பறையிலே ஒரு பிள்ளை 'எங்களுடைய தலைவிதி, ஐயா' என்று சொன்னால், அச்சொல்லுக்காக அப்பிள்ளையைக் கடிந்துகொள்ளாதீர்கள். அவ்விதியை எழுதியவர் யார், எந்த ஆண்டில் எழுதினார், அதனால் இலாபமடைந்தவர் யார், அதனை அழித்து எழுத எத்தனை கைகள் வேண்டும் என்று அப்பிள்ளையோடு சேர்ந்து கணக்கிடத் தொடங்குங்கள். அக்கணக்கு முடியும்போது விதி என்னும் சொல் அகராதியில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் எமக்குக் கவலையில்லை.